கறிக்குழம்புக்கு ஓர் ஏடு வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர், விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கத்து ஊர்களில் கிடாவெட்டுக்கும் காதுகுத்துக்கும் அடுப்பு மூட்டும் சமையல் மாஸ்டர்களுக்கும், விடிய விடிய வெங்காயம் உரித்து மசாலா அரைக்கும் அக்காமார்களுக்கும், அண்டா இறக்கிப் பந்தி பரிமாறும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

இந்த மடல் உங்கள் கறிக்குழம்பைப் பற்றியது. அதன் ருசியை உங்களிடமே புகழ்வதற்காக எழுதப்படவில்லை. அந்த வேலையைப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டவர்கள் செய்துவிட்டார்கள். வேண்டுகோள் ஒன்றுதான். நீங்கள் ஒரு சங்கமாகக் கூடி, அந்தக் குழம்பு எப்படி ஆகிறது என்பதை எழுதி வைத்து, அதற்கு உங்கள் வட்டாரத்தின் பெயரைச் சூட்ட வேண்டும். வெளியார் யாராவது வந்து எழுதிப் பெயர் வைப்பதற்கு முன்னால் இதை நீங்கள் செய்ய வேண்டும். இப்படிச் செய்த ஊர்கள் உலகில் உண்டு.

பிரான்ஸின் தெற்கே, துலூஸ் நகருக்கும் கார்க்கசோன் கோட்டைக்கும் நடுவே காஸ்தெல்நோதரி என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 12,000. ஊரை ஒட்டி 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் ஓடுகிறது. அந்த ஊரின் பெருமை கசூலே என்னும் இறைச்சிக் குழம்பு. வெள்ளை பீன்ஸ் விதையை ஊறவைத்து, பன்றிக் கறியும் தொத்திறைச்சியும் தன் கொழுப்பிலேயே வெந்து பதப்பட்ட வாத்துக் கறியும் சேர்த்து, மண்சட்டியில் ஊற்றி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். மேலே பொன்னிறமாக ஓர் ஆடை படரும். அதைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமுக்கினால் மறுபடியும் படரும். ஏழு முறை உடைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பாட்டிமார்களின் கணக்கு. சட்டியும் உள்ளூர்ச் சட்டிதான்: வாய் அகன்று அடி குறுகிய அந்தக் கலம், பக்கத்தில் உள்ள இஸ்ஸெல் கிராமத்துக் குயவர்களின் கைவேலையாகப் பெயர் பெற்றது.

பண்ணையாட்களும் குடியானவர்களும் கையில் இருந்ததைக் கொண்டு பொங்கிய சாப்பாடு இது. பிற்காலத்தில் தகர டப்பாவில் அடைத்து விற்கும் ஆலைகள் அதே ஊரில் வந்தன. டப்பாவில் வருவதுதான் கசூலே என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடும் நிலைமை. 1970இல் ஊரார் சேர்ந்து கசூலே காப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கியும் சட்டி வடிவத் தொப்பியும் அணிந்து ஊர்வலம் போகிற சங்கம். எந்த விதை, எந்தக் கறி, எந்தச் சட்டி என்பதில் விட்டுக்கொடுக்காத சங்கம். இன்று ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் குழம்புக்கென்றே திருவிழா நடக்கிறது.

அந்தக் குழம்புக்கு ஒரு கதையும் உண்டு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நூறாண்டுப் போர் நடந்த காலத்தில் எதிரி ஊரை வளைத்துக்கொண்டானாம்; உள்ளே இருந்தவர்கள் மிச்சம் மீதியை எல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சிக் குடித்து, தெம்பு வந்து எதிரியை விரட்டினார்களாம். 1355இல் ஆங்கிலேய இளவரசன் எட்வர்டின் படை அந்த ஊரைக் கொளுத்தியது வரலாறு. குழம்புக் கதை அதன்மேல் ஏறிய கட்டுக்கதை. ஏனென்றால் இன்று கசூலேயில் வேகும் வெள்ளை பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பாவைக் கண்டது. அதற்கு முன் அந்தச் சட்டியில் வேறு பயறுதான் வெந்திருக்க வேண்டும்.

உங்கள் குழம்பின் சிவப்புக்கும் இதே கணக்குத்தான். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. கொடும்பாளூரில் மூவர் கோயில் எழும்பிய காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு மிளகாய் கிடைத்திருக்காது. அன்றைய சமையலில் காரம் மிளகின் காரம். ஆகவே எழுதப் போகிற ஏட்டில் ‘ஆயிரம் ஆண்டாக மாறாத குழம்பு’ என்று யாரும் எழுத வேண்டியதில்லை. மிளகாய் வந்து மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டையும் உங்கள் முன்னோர் ஒரே அம்மியில் வைத்து அரைத்தார்கள். அந்தச் சேர்க்கையே எழுதத் தகுந்த வரலாறு.

கட்டுக்கதை தேவைப்படாத அளவுக்கு உங்கள் மண்ணில் உண்மைச் செய்திகள் இருக்கின்றன.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகக் கொடும்பாளூர் வருகிறது. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவே நடப்பவர்கள் எல்லாரும் தொட்டுப் போக வேண்டிய ஊர். வழிப்போக்கருக்குச் சோறு போட வேண்டிய ஊரும்கூட. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று கோயில்களை வரிசையாகக் கட்டினான்; அவைதான் மூவர் கோயில். இரண்டு நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு போர் வெற்றிகளைச் சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. காளாமுகச் சைவத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு ஒரு பெரிய மடத்தைக் கொடுத்ததையும், ஐம்பது துறவிகளுக்கு உணவளிக்கப் பதினொரு ஊர்களை எழுதி வைத்ததையும் சொல்கிறது. எத்தனை பேருக்குச் சோறு, அதற்கு வருமானம் எங்கிருந்து என்று கணக்கோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விருந்தை எழுதி வைப்பது உங்கள் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை.

இன்னொருவர் இடங்கழி நாயனார். அறுபத்து மூவரில் ஒருவர், கொடும்பாளூரை ஆண்ட வேளிர் மன்னர். பெரியபுராணம் அவர் கதையைச் சொல்கிறது. சிவனடியார்களுக்கு அன்னமிடுகிற ஒருவரிடம் நெல் தீர்ந்துபோகிறது. கேட்டுப் பார்க்கிறார், கிடைக்கவில்லை. இரவில் அரண்மனை நெற்களஞ்சியத்தில் புகுந்து திருடும்போது காவலரிடம் பிடிபடுகிறார். ஏன் திருடினாய் என்று மன்னர் கேட்க, அடியாருக்கு அமுது படைக்க என்கிறார். மன்னர் அவரை விடுவித்ததோடு நிற்காமல், களஞ்சியத்தையும் கருவூலத்தையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிடுகிறார். நாயன்மார் கதைகளில் பலர் உயிரையும் உறுப்பையும் கொடுத்தார்கள். கொடும்பாளூர்க்காரர் கொடுத்தது நெல்.

முற்றுகைக் கதை வேண்டுமென்றாலும் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் பிரெஞ்சுக்காரர்களோடு. 1751–52இல் நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுப் படையும் திருச்சிக் கோட்டையை வளைத்து நின்றபோது, உள்ளே இருந்த எதிர்ப் போட்டியாளர் முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் உணவுப் பொருள் கொடுத்து உதவியவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அரசியலில் அது சரியா தவறா என்பது தனி வழக்கு. மானத்தைப் பார்த்து ஏரியிலும் கண்மாயிலும் நீர் தேக்கிப் பிழைக்கும் ஒரு சீமை, பக்கத்துக் கோட்டைக்கும் சோறு போட்டது என்பது உண்மை.

இந்தச் சீமையின் வறட்சிதான் குழம்பின் குணத்தையும் தீர்மானித்தது. ஆற்றுப் பாசனம் அரிது. மேய்ச்சல் தரையில் வெள்ளாடு நன்றாக வளரும். மானாவாரியில் கடலை விளையும். எண்ணெய் செக்கிலிருந்து வரும். குலதெய்வக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஆண்டுக்கணக்கில் ஊரைச் சுற்றி மேய்ந்து கொழுத்திருக்கும். அந்தக் கறி அவசரத்துக்கு வேகாது. ஆகவே குழம்பு நெடுநேரம் கொதிக்கும் குழம்பாயிற்று.

அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை நுட்பமான வேலை என்று. கருவேல விறகு மூன்று கல் அடுப்பில் எரிகிறது. கடலை எண்ணெய் காய்ந்ததும் சோம்பு பொரிகிறது. கூடை கூடையாக உரித்த சின்ன வெங்காயம் விழுகிறது. வெங்காயம் கண்ணாடியாகும் வரை துடுப்பு ஓயாது. பிறகு இஞ்சி, பூண்டு, எலும்பும் நெஞ்செலும்பும் கொழுப்புத் துண்டும் கலந்த கறி, மஞ்சள் தூள், கல் உப்பு. இந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் மாஸ்டர் இல்லை. கறி தன் தண்ணீரைத் தானே விட்டு, அந்தத் தண்ணீரிலேயே சுண்ட வேண்டும். அதற்கப்புறம்தான் வறுத்து அரைத்த மல்லியும் மிளகாய் வற்றலும் மிளகும் சீரகமும் உள்ளே போகும். கசகசாவும் தேங்காயும் கடைசியில். முதலிலேயே போட்டால் அடி பிடிக்கும். விறகை இழுத்துத் தணலில் விட்ட பிறகு மாஸ்டர் ஓர் எலும்பைக் கரண்டியில் ஏந்திப் பார்க்கிறார். எலும்பு நுனியிலிருந்து கறி சுருங்கி மேலே ஏறியிருக்கிறதா? எண்ணெய் பிரிந்து ஓரம் கட்டிவிட்டதா? பல கோயில்களில் சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. நானூறு பேருக்கான உப்பை அவர் நாக்கில் வைக்காமல், வாசனையிலும் கொதியின் நுரையிலும் தீர்மானிக்கிறார்.

அடுத்தது பந்தி. இலையில் சோறு விழுந்ததும் கறி ஒரு வாளியில் வரும், குழம்பு இன்னொரு வாளியில் வரும். கறி எல்லோருக்கும் அளவாக, குழம்பு கேட்கும் மட்டும். மத்தியதரைக் கடலோரத்து மார்செய் நகரில் புய்யபேஸ் என்னும் மீன் குழம்பையும் இப்படித்தான் பரிமாறுகிறார்கள்: சாறு தனி, மீன் தனி. கரைக்கு வந்த மீனவர்கள் விலை போகாத மீனைப் போட்டுக் காய்ச்சிய அந்தக் குழம்பு பெரிய ஓட்டல்களின் பண்டமாகி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கண்ட மீனையும் போட்டு விற்கும் நிலை வந்தது. 1980இல் அந்த நகரத்து உணவகக்காரர்கள் சிலர் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பட்டியலில் உள்ள மீன்களில் குறைந்தது நான்கு வகை இருக்க வேண்டும். மீனைச் சாப்பிடுகிறவர் முன்னாலேயே வெட்டிப் பிரிக்க வேண்டும். எல்லாரும் செய்யத்தக்க, எல்லாரும் சரிபார்க்கத்தக்க விதிகள். அரசாங்கம் எழுதிக் கொடுக்கவில்லை. அடுப்படியில் நிற்பவர்கள் எழுதினார்கள்.

நம் நாட்டில் ஹைதராபாத் இதைச் செய்து காட்டியது. கோதுமையும் கறியும் சேர்த்து மசிய மசியக் கிண்டும் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது ஹலீம் தயாரிப்போரின் சங்கம். ஆட்டுக்கறி மட்டும், கறிக்கும் கோதுமைக்கும் பத்துக்கு நாலு விகிதம், செம்புப் பாத்திரம், விறகு அடுப்பில் பன்னிரண்டு மணி நேரம், கலப்படம் இல்லாத நெய். இந்த வரையறைகளை அவர்கள் ஏட்டில் வைத்தார்கள். இறைச்சி உணவு ஒன்றுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது அதுவே முதல் தடவை.

தமிழ்நாட்டிலும் உணவுப் பண்டங்கள் இந்தக் குறியீட்டைப் பெற்றிருக்கின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல், உங்களுக்குப் பக்கத்து ஊரான மணப்பாறையின் முறுக்குக்கு 2023இல். இவை எல்லாம் பொட்டலம் கட்டி ஊர் கடத்தக்கூடியவை. குழம்பு அப்படி இல்லை. அண்டாவிலிருந்து இலைக்கு வரும் தூரம்தான் அதன் பயணம். அதனால்தான் அது பதிவேட்டின் கண்ணில் படாமல் போகிறது. ஹலீமும் சூடாகத் தின்கிற பண்டம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தனி ஆளாக அல்ல, தயாரிப்பவர்களின் அமைப்பாகத்தான் கொடுக்க முடியும். சங்கம் முதலில் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம். மெனு கார்டைத் திறந்தால் எல்லாக் கறிக்கும் ‘செட்டிநாடு’ என்று பெயர். செட்டிநாட்டுச் சமையல் பெருமைக்குரியது. கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் சேரும் அதன் வாசனை தனி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய நகரத்தார் வீடுகளின் வரலாறு அதில் இருக்கிறது. அந்தப் பெயர் ஒட்டப்பட்ட எல்லாமே அந்தச் சமையல் இல்லை. உங்கள் குழம்பும் அந்த அட்டையின் கீழ் போய்விட்டால், இரண்டு சமையலுமே நட்டப்படும். இன்னொரு பக்கம் பொட்டல மசாலா. ஆள் கூலியும் நேரமும் மிச்சம் என்பதால் அது அண்டாவுக்குள் வந்துவிட்டது. ஒரு மாஸ்டர் அதைப் பயன்படுத்துவது குற்றம் இல்லை, விலைவாசி அப்படி. ஆனால் கையால் வறுத்து அரைத்த கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் போய்விட்டால், அதற்குப் பிறகு விரும்பினாலும் திரும்ப முடியாது.

‘யாருடைய செய்முறை சரி?’ என்று சண்டை வருமே என்ற கவலை இருக்கும். ஓர் ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள், அடுத்த ஊரில் தேங்காயைத் தொடவே மாட்டார்கள். கசூலேக்கும் இதே வழக்கு நூறாண்டாக உண்டு. காஸ்தெல்நோதரியில் பன்றிக்கறி முதன்மை. கார்க்கசோனில் ஆட்டுக்கறி சேரும். துலூஸில் அந்த ஊர்த் தொத்திறைச்சி இல்லாமல் ஆகாது. கார்க்கசோனில் பிறந்த சமையல் அறிஞர் ப்ரோஸ்பர் மோந்தாஞே இந்த மூன்றையும் கிறிஸ்தவர்களின் பிதா, சுதன், பரிசுத்த ஆவியாக வரிசைப்படுத்தி, மூன்றுக்கும் இடம் கொடுத்தார். உங்கள் ஏட்டிலும் ஊருக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லா ஊருக்கும் பொதுவானவை எவை என்பதை மட்டும் கூடிப் பேசி முதலில் எழுதுங்கள்: மேய்ச்சல் வெள்ளாடு, சின்ன வெங்காயம், கடலை எண்ணெய், வறுத்து அரைத்த மசாலா, விறகு. இதில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பது உங்கள் தீர்ப்பு.

செய்முறை மட்டும் போதாது. 2010இல் யுனெஸ்கோ தன் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரான்ஸின் உணவைச் சேர்த்தபோது, எந்த ஒரு குழம்பையும் சேர்க்கவில்லை. உற்றார் கூடி விருந்துண்ணும் அந்த வழக்கத்தையே சேர்த்தது: என்ன வரிசையில் பரிமாறுவது, மேசையை எப்படி அமைப்பது, எந்த நல்ல நாளுக்கு யாரோடு உட்கார்வது என்பதெல்லாம் அதற்குள் வரும். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. மாவட்டத்தின் கிழக்கே கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தில் கறிக்குழம்புச் சோறு போட்டு மொய் வாங்குகிறார்கள். வாங்கியதை நோட்டில் எழுதி, அவரவர் விருந்தில் திருப்பிச் செய்கிறார்கள். வட்டியில்லாக் கடனும் உறவும் ஒரே இலையில் நடக்கிற ஏற்பாடு. மொய் நோட்டில் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. அந்தப் பந்தியைச் சமைத்தவர் பெயரும் செய்முறையும் எந்த நோட்டிலும் இல்லை.

விருந்தின் வரலாற்றை எழுதும்போது கசப்பானதையும் எழுத வேண்டும். யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யார் வெளியே காத்திருக்க வேண்டும், கிடாவின் தலையும் காலும் யாருக்கு, மிச்சம் யாருக்கு என்பதில் சாதி இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பெண்கள் அரைத்த மசாலாவில் ஆண்கள் சமைத்து ஆண்களே முதலில் சாப்பிட்ட விருந்துகள் உண்டு. இடங்கழியின் களஞ்சியம் திறந்த கதையைப் பெருமையாகச் சொல்லும் வட்டாரம் இதை மறைக்கக் கூடாது. சங்கத்தில் எல்லாத் தெருவின் சமையற்காரர்களும் இருக்க வேண்டும். வருகிற பந்திகள் எல்லாருக்கும் ஒரே பந்தியாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத சங்கத்துக்கு வட்டாரத்தின் பெயரைச் சொல்ல உரிமை இல்லை.

அடுத்த ஆடிக்குள் தொடங்கலாம். ஒரு நீள நோட்டு, ஒரு தராசு, எழுதத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை போதும். எத்தனை கிலோ கறிக்கு எத்தனை படி வெங்காயம், எத்தனை கை மல்லி, அந்தக் கை எத்தனை கிராம், என்ன விறகு, எத்தனை மணி நேரம், எந்தக் கோயில், எந்த மாதம் என்று ஒவ்வொரு கிடாவெட்டிலும் நிறுத்து எழுதட்டும். அண்டா ஏறும்போது சொல்கிற வழக்கையும், படையலுக்கு எடுக்கிற பங்கையும், பரிமாறும் வரிசையையும் சேர்த்து எழுதட்டும். பத்துப் பதினைந்து ஊர்க் கணக்கு சேர்ந்ததும் கூட்டம் போட்டு, பொது விதிகளைத் தீர்மானித்து, சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஏட்டின் ஒரு படியைத் திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்து வையுங்கள். இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். செய்முறையை அளந்து சொன்ன ஒவ்வொருவரின் பெயரும் அதில் வர வேண்டும், அரைத்துக் கொடுத்த பெண்களின் பெயர்கள் முதல் பக்கத்திலேயே.

அன்புடன்,
உங்கள் பந்தியில் சாப்பிட்டவர்களில் ஒருவர்